பனிக்காது சிகாமணி வாங்கிய ஹெட்போன்

“வேணும்னு நினைச்சாலே விலை ஏறுதுண்ணே. நினைக்காம எப்படி ஒரு பொருளை வாங்குறது?” என்று கேட்டாள் வேதவல்லி.

“அதுக்குத்தானேம்மா கமிஷன் பேசி என்னைக் கூட்டிக்கிட்டு வந்திருக்கே?” என்றார் சிகாமணி. டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, கழுநீர் குடித்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டார். டீ நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சங்கதி டீக்கடைப் பலகைக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை.

ரிச்சி தெரு முனை. காலையிலிருந்து விடாத மழை. மழைக்கு ஒதுங்கியவர்கள் எல்லாம் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். குளிருக்கு அல்ல, விலைக்கு. டீக்கடை, செருப்புக்கடை, சார்ஜர் விற்கிற தள்ளுவண்டி என்று எல்லாவற்றின் நெற்றியிலும் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு கண்ணாடிக் கண், அதன் கீழே சிவப்பு எண்கள் ஓடும் பலகை. விருப்பமானி என்று பெயர். மனுஷனுக்கு ஒரு பொருள் மேல் ஆசை வந்தால் காது மடலில் ரத்தம் ஏறும், மடல் லேசாகச் சூடாகும். அந்தச் சூட்டை இந்தக் கண் எட்டடி தூரத்திலிருந்தே பார்த்துவிடும். பார்த்ததும் பலகை விலை சொல்லும். ஒரே கத்தரிக்காய்க்கு மருமகளுக்கு ஒரு விலை, மாமியாருக்கு ஒரு விலை.

சிகாமணி பிறந்து வளர்ந்தது பாரிமுனையில் பாத்திரக் கடைகள் நெருங்கிக் கிடக்கிற சந்தில். பேரம் என்பது அங்கே மூச்சு விடுவது மாதிரி. குடத்தைத் தட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, வேண்டாம் என்று சொல்லி, நாலு கடை தாண்டி நடந்து, கூப்பிடும் குரலுக்காக முதுகில் காதை வைத்துக்கொண்டு போகிற வாடிக்கையாளர்களை அவர் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறார். விருப்பமானி வந்த அன்றைக்கே அந்தக் கலை செத்துப்போனது. முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், காதை எங்கே திருப்புவது? பின்னாலிருந்தும் அது தெரிகிறதே!

ஊரெல்லாம் ஒப்பாரி வைத்தபோதுதான் சிகாமணி தன் காதின் அருமையைக் கண்டுபிடித்தார். எந்தக் கடையில் எதைப் பார்த்தாலும் அவர் காது குளிர்ந்தே கிடந்தது. சின்ன வயதிலிருந்தே ஆசையை வெளியே காட்டாத பழக்கம், நாளாக நாளாக உள்ளேயும் போய்விட்டது போலிருக்கிறது. கல்யாணப் புடவையா, வாஷிங் மெஷினா, பல் செட்டா, கூப்பிடு பனிக்காது சிகாமணியை. மனுஷன் போவார், பொருளைச் செத்த எலியைப் பார்ப்பது போலப் பார்ப்பார், அடிமட்ட விலைக்கு வாங்கி வருவார்.

“ஹெட்போன் எதுக்கும்மா? மருந்தையே நான் வாங்கித் தந்துகிட்டிருந்தேனே.”

“இனிமே சீட்டோட வீட்டு ஆளுங்கதான் வரணும்னு சொல்லிட்டாங்கண்ணே. போன வாரம் நானே போனேன்.” வேதவல்லி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “எங்க வீட்டுக்காரருக்கு ராத்திரியெல்லாம் மூச்சு இழுப்பு. ஆட்டோவை ஸ்டாண்டுல போட்டு பதினஞ்சு நாளாச்சு. நான் மருந்துக்கடை படியேறும்போதே காது ரெண்டும் அடுப்பு மாதிரி எரியுது. முன்னாடி ஒரு அம்மா, சும்மா வாங்கி வைக்கலாமேன்னு வந்தவங்க. அவங்களுக்கு ஒரு விலை. அதே மருந்து எனக்கு மூணு பங்கு. கடைக்காரர் என் முகத்தைக்கூடப் பார்க்கலை. காதையே பார்த்தாரு.”

“மப்ளர் கட்டிக்கிட்டுப் போக வேண்டியதுதானே?”

“கட்டினேனே! துணிக்குள்ள இருந்தாலும் சூடு தெரியுமாமே.”

தெரியும். சால்வை, குரங்குத் தொப்பி, தலைப்பாகை எல்லாவற்றையும் ஜனங்கள் முயன்று பார்த்து ஓய்ந்துவிட்டார்கள். மிச்சம் இருந்த ஒரே வழி ஹெட்போன். தலையில் மாட்டியிருக்கும் ஹெட்போனைக் கழற்றச் சொல்ல எந்தக் கடைக்காரனுக்கும் உரிமை இல்லை என்று தீர்ப்பு வந்திருந்தது. ஆனால் ஹெட்போன் விற்கிற கடைக்கு மட்டும் அதிலிருந்து விலக்கு. காதில் மாட்டிப் பார்க்காமல் எப்படி விற்பது என்று அவர்கள் வாதாடி ஜெயித்திருந்தார்கள். ஆக, காதை மறைக்கிற சாமானை வாங்க, காதைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அதுவும் ஊரே உயிரை விட்டு ஆசைப்படுகிற சாமான்.

“நாலாயிரத்தி ஐந்நூறு. அதுக்கு மேல என்கிட்ட இல்லைண்ணே. மருந்து இன்னைக்கு சாயந்திரத்தோட தீருது,” என்றாள் வேதவல்லி.

“நீ இங்கேயே உட்காரு. கடைப் பக்கம் எட்டிப் பார்த்தேன்னா எல்லாம் போச்சு. உன் காது இப்பவே பட்டாணி வறுக்குற சட்டி மாதிரி இருக்கு.”

கடையின் பெயர் கானம் எலக்ட்ரானிக்ஸ். உள்ளே வாடிக்கையாளர் யாரும் இல்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பெண்மணி தலையில் கறுப்பு ஹெட்போனோடு, கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நாற்பதைத் தாண்டியவள். காதோரம் இரண்டு மூன்று நரை, அதை மறைக்க எந்தப் பிரயத்தனமும் இல்லை. சட்டையில் குத்தியிருந்த அட்டையில் புனிதா என்று எழுதியிருந்தது.

“வாங்க சார். சாருக்கு என்ன வேணும்?”

“எனக்கு ஒண்ணும் வேணாம். மழைக்கு ஒதுங்கினேன்,” என்றார் சிகாமணி. தொழில்முறை வணக்கம் அது.

“சரி சார், ஒதுங்குங்க. ஒதுங்கினவங்க எல்லாரும் அந்த இரண்டாவது தட்டைத்தான் பார்ப்பாங்க. நீங்களும் பார்த்துட்டீங்க.”

சிகாமணிக்குத் திக்கென்றது. அவர் பார்த்தது உண்மைதான், ஒரே ஒரு வினாடி. கெட்டிக்காரி.

“பார்த்ததே பார்த்துட்டேன். அதுல என்னதான் விசேஷம், சொல்லுங்களேன்,” என்று கொட்டாவி விட்டார்.

புனிதா நான்கு ஹெட்போன்களை எடுத்துக் கண்ணாடி மேல் வரிசையாக வைத்தாள். “இது பின்பக்கம் திறந்தது. வலை மாதிரி இருக்கு பாருங்க. பாட்டுக் கேட்க இதை அடிச்சுக்க ஆள் கிடையாது. கச்சேரி மேடையில உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஆனா வலை வழியா காத்து போகுதுல்ல, காதுச் சூடும் கூடவே போயிடும். விருப்பமானிக்குப் பந்தி விரிச்சு வச்ச மாதிரி.”

“அடுத்தது?”

“இது மூடினது, மலிவு. மெத்தை மெலிசு. நீங்க மூக்குக்கண்ணாடி வேற போட்டிருக்கீங்க. கண்ணாடிக் காம்பு போற இடுக்குல சூடு ஒழுகும். மூணே மாசத்துல தோல் உரிஞ்சு கறுப்புக் கறுப்பா சட்டைக் காலர்ல ஒட்டும். வீட்ல திட்டுவாங்க.”

“திட்ட ஆள் இல்லை. அடுத்தது?”

அவள் அவர் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள். “இது மூடினது, விலை கூடினது. நிஜத் தோல், நிஜ மரம். சூடு ஒரு துளி வெளிய வராது. ஆனா இதுல ஒரு சிக்கல் இருக்கு சார். விருப்பமானிக்கு மாடல் தெரியும். இதை மாட்டிக்கிட்டு ஒருத்தர் வந்தா, காதையே பார்க்காது. இவ்வளவு காசு கொடுத்து ஹெட்போன் வாங்கினவன் வெண்டைக்காய்க்குக் கொடுக்க மாட்டானான்னு நேரா உச்ச விலைக்குப் போயிடும்.”

சிகாமணி தன்னையறியாமல் சிரித்துவிட்டார். வியாபாரத்தில் அவர் சிரித்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

“அதனால மூடினது, நடுத்தர விலை. இதோ இது.” அவள் நாலாவதை எடுத்தாள். ஆடம்பரமில்லாத சாம்பல் நிறம், தடிமனான மெத்தை. “பார்க்க எல்லாரும் வச்சிருக்கிற மாதிரி இருக்கும். அதுதான் இதோட அழகு. பணக்காரன்னும் நினைக்காது, பரிதவிக்கிறவன்னும் தெரியாது. ஒயர் தனியா கழலும், அறுந்தா ஒயர் மட்டும் மாத்திக்கலாம்.”

சிகாமணி பலகையைப் பார்த்தார். நாலாயிரத்து இருநூறு. பனிக்காதின் விலை. இப்போதே பில் போடச் சொல்லியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பாத்திரக் கடை ரத்தம் சும்மா விடுமா? தட்டிப் பார்க்காமல் குடம் வாங்கிய வம்சமா அது?

“ரொம்ப இறுக்குமே?” என்றார்.

“மாட்டித்தான் பாருங்களேன்.”

மாட்டினார். மழை நின்றுபோனது. ஆட்டோ ஹாரன், தள்ளுவண்டி ஒலிபெருக்கி, மேல்மாடியில் துளை போடுகிற சத்தம் எல்லாம் எங்கோ அடுத்த ஜில்லாவுக்குப் போய்விட்டன. புனிதா கல்லாமேல் இருந்த சின்ன மைக்கை வாயருகே எடுத்தாள். குரல் காதுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது.

“கேக்குதா சார்?”

தலையாட்டினார்.

“சும்மா பாட்டைப் போட்டுச் சோதிக்கிறதுல எனக்கு நம்பிக்கை கிடையாது. பேச்சுலதான் தெளிவு தெரியும். ஏதாவது பேசறேன், கேளுங்க. யாருக்காக வாங்க வந்திருக்கீங்க?”

“நான் வாங்க வரலையே.”

“உங்களைத் தெரியாதவங்க இந்தத் தெருவுல உண்டா? பனிக்காது சார்தானே? இதே கடையில போன தீபாவளிக்கு ஒரு மிக்ஸியைப் பார்த்து முகத்தைச் சுளிச்சீங்க. மிக்ஸியே அழுதுடும்னு நினைச்சேன்.”

சிகாமணிக்கு மறுபடி சிரிப்பு வந்தது. “அது தொழிலும்மா.”

“வீட்டுக்குப் போனா?”

“வீட்லயும் அதேதான். ஒருதடவை பெண் பார்க்கப் போனேன். பெண் வீட்டுக்காரங்க கைக்கு அடக்கமா ஒரு விருப்பமானி வச்சிருந்தாங்க. பஜ்ஜி தட்டுக்குப் பின்னால ஒளிச்சு. பொண்ணு வந்து நமஸ்காரம் பண்ணினதும் அவங்க மாமா எட்டிப் பார்த்தாரு. பூஜ்யம். பஜ்ஜியைப் பார்த்தப்போ மட்டும் கொஞ்சம் அசைஞ்சிருந்துது போல. ‘மாப்பிள்ளைக்கு வாழைக்காய் மேல இருக்கிற பிரியம்கூட எங்க பொண்ணு மேல இல்லை’ன்னு எழுந்துட்டாங்க.”

காதுக்குள் அவள் சிரிப்பு கேட்டது. வாய்விட்டு, மூச்சு வாங்க, நடுவில் ஒரு சின்ன விக்கலோடு. நல்ல ஹெட்போன்தான், விக்கல்கூடத் துல்லியமாகக் கேட்டது.

“அய்யோ சார்!” சிரிப்பு அடங்கியதும் அவள் கேட்டாள். “நிஜமாவே கேக்கறேன். ஊருக்கெல்லாம் வாங்கித் தர்றீங்க. உங்களுக்கு என்னதான் பிடிக்கும்?”

இருபது வருஷத் தொழிலில் இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை. எதுவும் பிடிக்காதவர் என்பதற்காகத்தானே அவரைக் கூப்பிடுவார்கள். பதிலுக்கு உள்ளே தேடினார். பூட்டிக் கிடந்த கடைக்குள் டார்ச் அடித்துத் தேடுவது போல இருந்தது.

“மழையில... சுடச்சுட வறுத்த கடலை,” என்றார் கடைசியில். “பேச்சுத் துணையோட.”

ஹெட்போனைக் கழற்றினார். பலகையைப் பார்த்தார்.

ஆறாயிரத்து எண்ணூறு.

“இது மெத்தைச் சூடு!” என்று பதறினார். ஹெட்போன் கடைகளின் பழைய வித்தை இது என்று அவருக்குத் தெரியும். கஸ்டமரை நாலு பாட்டு கேட்க வைப்பார்கள், காது வெந்துவிடும். இதற்கு மாற்றும் தெரியும். “ஒரு நிமிஷம் பொறுங்க. ஆறட்டும்.” நேராக மின்விசிறிக்குக் கீழே போய் நின்றார். மனதுக்குள் பாகற்காயை நினைத்தார். வருமான வரியை நினைத்தார். பல் பிடுங்கியதை நினைத்தார்.

“ஃபேனைக் கூட்டி வைக்கவா சார்?” என்று கேட்டாள் புனிதா.

ஏழாயிரத்து நூறு.

“நீங்க பேசாம இருங்கம்மா கொஞ்ச நேரம்!”

“நான் என்ன சார் பண்ணேன்?”

ஏழாயிரத்து நானூறு.

அப்போதுதான் சிகாமணிக்கு விஷயம் உறைத்தது. இயந்திரத்துக்குக் காது சுடுவது தெரியும், எதற்காகச் சுடுகிறது என்று தெரியாது. கையில் ஹெட்போன் இருக்கிறதா, அப்படியானால் ஹெட்போன் மேல்தான் ஆசை. அதன் அறிவு அவ்வளவுதான். கையில் இருப்பதைத் தாண்டி, கல்லாவுக்குப் பின்னால் நிற்பதைப் பார்க்க அதற்குச் சொல்லித் தரவில்லை.

வாசலில் வேதவல்லியின் தலை தெரிந்தது. பொறுக்கமாட்டாமல் வந்துவிட்டாள். பலகையைப் பார்த்தவள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள்.

“என்னண்ணே இது? நீங்க வந்தும் இவ்வளவா?”

“நீ வெளிய நில்லும்மா!”

“என்கிட்ட அவ்வளவு இல்லையேண்ணே. நான் வெறுங்காதோட போனா இன்னைக்கு மருந்து கிடைக்காது. அவரு உட்கார்ந்தபடியேதான் தூங்குறாரு...” தள்ளி நின்றால் விலை குறையும் என்று, தானாகவே மழைக்குள் இறங்கிப் போய் நின்றாள்.

அவள் நனைவதைப் பார்த்தார் சிகாமணி. பாத்திரக் கடை மூளை கடைசி முறையாகச் சுழன்றது.

“ஏம்மா, விருப்பமானிச் சட்டம் என்ன சொல்லுது? ரெண்டு காதும் தெரியணும். வாங்குறவன் ஆசை விலையை ஏத்தும், விக்கிறவங்க அவசரம் விலையை இறக்கும். ரெண்டுக்கும் நடுவுல நியாய விலை. அப்படித்தானே ஆரம்பத்துல கொண்டுவந்தாங்க?”

“ஆமா.”

“வியாபாரிங்க எல்லாரும் சாமானைக் காட்சிக்கு வைக்கிறோம்னு சொல்லி ஆளுக்கொரு ஹெட்போனை மாட்டிக்கிட்டீங்க. தராசுல ஒரு தட்டைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டீங்க. உங்க காதைக் காட்டுங்க. நான் சட்டம் பேசறேன்.”

புனிதாவின் கை ஹெட்போனுக்குப் போய், பாதியில் நின்றது. “அது மட்டும் முடியாது சார். முதலாளி உத்தரவு.”

“முதலாளி எங்கே?”

“சாப்பிடப் போயிருக்காரு.”

“அப்புறம் என்ன?”

“அதுக்கில்லை சார்...” அவள் கண்ணாடிப் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். “கழற்றினா நல்லா இருக்காது. கேட்காதீங்க.”

வெளியே வேதவல்லி தும்மினாள். புனிதா தலை நிமிர்ந்து பார்த்தாள். நனைந்த புடவையோடு, காது இரண்டையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நின்றவளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, ஊசி போட்டுக்கொள்ளக் கை நீட்டுகிறவர் போலக் கண்ணை மூடிக்கொண்டு, தலையிலிருந்த ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

பலகை ஒரு கணம் தடுமாறியது. பிறகு எண்கள் சரிந்தன. ஆறாயிரம். ஐயாயிரம். நாலாயிரத்து முந்நூறு. மூவாயிரத்து எழுநூறு. படிக்கட்டில் உருண்ட எலுமிச்சம்பழம் மாதிரி தாவித் தாவி இறங்கி, மூவாயிரத்து முப்பதில் முட்டி நின்று கண் சிமிட்டியது. அதற்குக் கீழே, இதுவரை யாரும் அங்கே பார்த்திராத இரண்டு வார்த்தைகள் எரிந்தன: அடக்க விலை.

ரிச்சி தெருவில் அடக்க விலையைக் கண்ணால் கண்டவர் எவரும் இல்லை. ‘அடக்கத்துக்கே தர்றேன் சார்’ என்று சத்தியம் செய்தவர்கள் மட்டும் கோடி பேர். சிகாமணி வாயைப் பிளந்து பார்த்தார், கோவில் கதவு தானாகத் திறந்ததைக் கண்டவர் போல. வியாபாரத்தில் இப்படி ஓர் அவசரம் உலகத்தில் உண்டா? இந்தச் சாம்பல் நிற ஹெட்போனை விற்றுத் தீர்க்க இவளுக்கு என்ன இவ்வளவு...

பலகையிலிருந்து பார்வையை இறக்கினார். புனிதாவின் காது மடல்கள் இரண்டும் பழுத்த மிளகாய் நிறத்தில் இருந்தன. அவள் பில் புத்தகத்துக்குள் தலையைப் புதைத்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணே! போடச் சொல்லுங்கண்ணே பில்லு!” வேதவல்லி சொட்டச் சொட்ட உள்ளே பாய்ந்து வந்தாள். அவள் காதின் சூட்டில் பலகை மேலே ஏறப் பார்த்தது. ஆனால் அதற்குள் பில் கிழிந்துவிட்டது. ஹெட்போனைத் தலையில் மாட்டி, அதன் மேலேயே முந்தானையைப் போட்டுக்கொண்டாள். சாம்பல் நிற மூடிகளுக்கு நடுவில் அவள் முகம் சாதாரணமாக, எதற்கும் பதறாத யாரோ ஒரு பெண்மணியின் முகம் போலத் தெரிந்தது. ஆளைப் பார்த்தால் சும்மா வாங்கி வைக்கலாமே என்று வந்தவள் மாதிரிதான் இருந்தாள். கமிஷனை நீட்டினாள்.

“வேணாம்மா. இது நான் வாங்கினது இல்லை,” என்றார் சிகாமணி. “ஓடு, மருந்துக்கடை சாத்திடப் போறான்.”

அவள் போனபிறகு சிகாமணி கல்லாவுக்கு அருகே வந்தார்.

“முதலாளி வந்து பில்லைப் பார்த்தா?” என்று கேட்டார்.

“நஷ்டம் இல்லையே. மெஷின் சொன்ன விலை. மெஷினைத்தான் திட்டணும்.” புனிதா இன்னும் நிமிரவில்லை. “உங்க தொழில் என்ன ஆகும் சார்? இந்தக் காதை வச்சுக்கிட்டு இனிமே எந்தக் கடைக்குப் போவீங்க?”

அதை அவர் யோசிக்கவில்லை. தொட்டுப் பார்த்தார். சுட்டது. பனிக்காது என்ற பெயரும், அதை நம்பி இருந்த பிழைப்பும் ஒரே மத்தியானத்தில் கரைந்து போயிருந்தன. வருத்தப்பட வேண்டும் என்று தோன்றியது, வருத்தம்தான் வரக் காணோம்.

“முதலாளி வர நேரமாகுமா?” என்றார். “எதிர்ல டீக்கடையில கடலையும் வறுக்குறான்.”

தெருவைக் கடந்து இருவரும் டீக்கடைக் கூரைக்குள் நின்றார்கள். புனிதா ஹெட்போனை எடுத்து வரவில்லை. டீ மாஸ்டர் தன் தலையில் மாட்டியிருந்த ஹெட்போனைச் சரிசெய்துகொண்டே நிமிர்ந்து பலகையைப் பார்த்தார், சிகாமணியைப் பார்த்தார், மறுபடி பலகையைப் பார்த்தார்.

“என்னண்ணே, உடம்புக்கு முடியலையா? கொஞ்சம் முன்னாடி வந்தப்போகூட உங்களுக்கு டீ பன்னெண்டு ரூபாய். இப்போ எண்பத்தஞ்சு காட்டுது!”

வேறொரு நாளாக இருந்தால் சிகாமணி அங்கிருந்து அடுத்த தெருவுக்கே போயிருப்பார். “ரெண்டு போடுப்பா. கடலையும் குடு,” என்று பர்ஸை எடுத்தார்.

“அய்யய்யோ, அநியாயம்! நகருங்க, நான் வாங்கறேன்,” என்று புனிதா அவரை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்து நின்றாள். கண்ணாடிக் கண் அவள் காதைப் பார்த்தது. பலகை புரண்டது.

நூற்றுப் பத்து.

சிகாமணி அந்த எண்ணைப் படித்தார். பிறகு மெதுவாக இன்னொரு தடவை படித்தார். பிறந்ததிலிருந்து விலை குறைந்தால் மட்டுமே குளிர்ந்த மனசு அது.

“என்னோடதைவிட இருபத்தஞ்சு ரூபாய் கூட,” என்றார்.

“வெயில்ல வந்ததுல காது சுடுது, அவ்வளவுதான்,” என்றாள் புனிதா, கூரையிலிருந்து கொட்டும் மழைத்தண்ணீர் மேலே தெறிக்காமல் அவர் பக்கமாக நகர்ந்துகொண்டே.